முன்பாரமான பிக்கப்பைப் பாயவைப்பது எப்படி?

டெல்டாவில் பிக்கப் என்றால் அது உழைக்கிற வண்டி. நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டி, திருவையாற்றுப் படுகையிலிருந்து வாழைத்தார், களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் சிப்பம், திருவிழாவுக்கு மைக்செட் என்று எதையாவது சுமந்துகொண்டே இருக்கும். அதை வெறுமையாக நிறுத்தி, நேர்கோட்டில் 402 மீட்டர் விரட்டி, எத்தனை வினாடி என்று பார்ப்பது நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் அது பழைய பழக்கம். அங்கே பிக்கப்தான் வீட்டு வண்டி, அதே வண்டி ஞாயிற்றுக்கிழமை இந்த நேர்கோட்டு ஓட்டத்துக்கும், அதாவது டிராக் பந்தயத்துக்கும் போகும்.

இப்படி விரட்ட எந்த பிக்கப்பை எடுப்பது, அதை எப்படிப் பாயவைப்பது என்ற கேள்வி இப்போது நம் பக்கத்திலும் கேட்கிறது. டல்லாஸில் வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பையன் ஃபோர்டு எஃப்-150 வாங்க உட்கார்ந்தால், கேபின் மூன்று வகை, பின்னால் சுமை ஏற்றும் தொட்டி மூன்று நீளம், எஞ்சின் நாலைந்து, பின் அச்சு விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) பல என்று தலை சுற்றும். தஞ்சாவூரில் இருப்பவருக்கு அவ்வளவு வாய்ப்பு இல்லை. இசுசு வி-கிராஸா, டொயோட்டா ஹைலக்ஸா என்பதோடு முடிந்துவிடும். இரண்டு பேரும் முதலில் கேட்பது குதிரைத் திறன் எவ்வளவு என்றுதான். நான் அதைக் கடைசியில் கேட்பேன். இழுக்கிற சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் உட்கார்கிறது, டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எஞ்சின் பக்கமே போக வேண்டும்.

டிராக் பந்தயத்தில் நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தாலே காரணம் புரியும். ஓடுதூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பல இடங்களில் அதில் பாதி, 201 மீட்டர். தொடக்கக் கோட்டில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை இருக்கும். முன்சக்கரம் அதை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். விளக்கு பச்சையானபின் நீங்கள் அரை வினாடி தூங்கிவிட்டால் பந்தயத்தில் தோற்கலாம், ஆனால் வண்டியின் நேரக் கணக்கில் அது ஏறாது. கால் மைல் நேரத்தோடு, முதல் 60 அடியைக் கடந்த நேரமும், ஓடி முடித்ததும் தருகிற நேரச் சீட்டில் தனியாக அச்சாகி வரும். 60 அடி என்பது 18 மீட்டர் சொச்சம். அனுபவசாலிகள் சீட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அங்கே ஒரு பத்தில் ஒரு வினாடி மிச்சம் பிடித்தால், முடிவுக் கோட்டைக் கடக்கும்போது அது ஒன்றரை மடங்காக, சில சமயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

அந்த 18 மீட்டரில்தான் பிக்கப் தடுமாறுகிறது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவருக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரமானால் நுகத்தடியே மேலே எழும்பும். வெறும் பிக்கப் முன்பாரமான வண்டி. எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின், ஓட்டுநர் எல்லாம் முன்னால். பின்னால் தகரத் தொட்டி மட்டும். எடையில் 60 சதவீதத்துக்குப் பக்கம் முன் அச்சில் இருக்கும். ஆனால் இழுப்பது பின்சக்கரம். ஒன்றரை டன் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும், வண்டியை அதற்குத்தானே செய்தார்கள். வெறுமையாக விரட்டும்போதுதான் சிக்கல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு 2,000 கிலோ வண்டி. பின் அச்சில் 42 சதவீதம். இரண்டு அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம். சாதாரண டயர் என்பதால் உராய்வுக் கெழு, அதாவது டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண், 0.8 என்று வைத்துக்கொள்வோம். வண்டி கிளம்பும்போது பாரம் கொஞ்சம் பின்னால் சாயும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்சக்கர இழுவையில் இந்த வண்டிக்குக் கிடைக்கும் அதிகபட்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.41 பங்கு. 400 குதிரை இருந்தாலும் சரி, 800 இருந்தாலும் சரி, கிளம்பும்போது அதற்கு மேல் கிடையாது. மீதி எல்லாம் ரப்பர் புகையாகப் போகும். இந்த முடுக்கத்தில் முதல் 18 மீட்டருக்கு 3 வினாடி ஆகும்.

உடனே தோன்றுவது என்ன? பின்னால் இரண்டு மணல் மூட்டையைப் போடலாமே என்பது. போட்டுப் பார்ப்போம். பின் அச்சுக்கு நேர் மேலே 100 கிலோ வைத்தால் முடுக்கம் 0.44 ஆகும். 18 மீட்டரில் பத்தில் ஒரு வினாடி மிச்சம். கோட்டில் அது 0.15 அல்லது 0.2 ஆகத் திரும்பும். ஆனால் அந்த 100 கிலோவையும் சேர்த்துத்தானே 402 மீட்டர் முழுக்க இழுக்க வேண்டும்? 45 கிலோ கூடினால் பத்தில் ஒரு வினாடி போச்சு என்பது பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. அப்படியானால் செலவு 0.2 வினாடிக்கு மேல். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகும், பெரும்பாலும் நட்டம்தான். மூட்டை சரியாகக் கட்டாமல் ஓடும்போது நகர்ந்தால் அது வேறு வம்பு.

அதே வண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு டயரை மட்டும் மாற்றுங்கள். மென்மையான ரப்பரில் செய்த, டிராக் பந்தயத்துக்கென்றே வருகிற டயர், நன்றாகப் பிடிக்கிற தளம், உராய்வுக் கெழு 1.1 என்று வைத்தால் முடுக்கம் 0.61க்குப் போகிறது. 18 மீட்டருக்கு இரண்டரை வினாடிதான். எஞ்சினைத் தொடாமல் அரை வினாடி! பிடிப்பு கூடினால் முடுக்கம் கூடும், முடுக்கம் கூடினால் பாரம் இன்னும் பின்னால் சாயும், பாரம் சாய்ந்தால் பிடிப்பு இன்னும் கூடும். அதனால்தான் இந்தத் தாவல். பந்தயத் தளங்களில் தொடக்கப் பகுதியில் பசைபோன்ற கலவை பூசுவதும், கிளம்புவதற்கு முன் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவதும் இதற்காகத்தான். டல்லாஸுக்குத் தெற்கே என்னிஸ் ஊரில் 1986இல் திறந்த டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸின் ஓடுதளம் முழுக்க கான்கிரீட்.

டயர் மாற்றாதவர்கள்கூட காற்றழுத்தத்தைக் கவனிக்கலாம். நம் ஊர் சுமை பிக்கப்பில் பின் டயரில் 50, 60 பிஎஸ்ஐ என்று கல் மாதிரி அடைத்து வைத்திருப்பார்கள். சுமைக்கு அது சரி. வெறும் வண்டிக்கு அந்தக் காற்று இருந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும்.

டயருக்கு அடுத்தது டிஃபரன்ஷியல், இரண்டு பின்சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. குறுவை அறுப்பு சமயத்தில் களத்தோரம் ஒரு பிக்கப் சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? ஒரு பின்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு சேற்றை வாரி அடிக்கும். இன்னொன்று அசையாது. ஓட்டுநர் மிதிக்க மிதிக்க, சுற்றுகிற சக்கரம்தான் இன்னும் வேகமாகச் சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அது, எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்கே ஓட்டத்தைக் கொடுக்கும். பக்கத்தில் நிற்கிற டிராக்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, காலால் மிதிக்கும் டிஃப் லாக் பெடல் ஒன்று அதில் உண்டு. மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். டிராக் கோட்டிலும் இதே கதைதான், சேற்றுக்குப் பதில் தார். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து இழுக்காத வண்டிக்கு மற்ற எந்தச் செலவும் வீண். எஃப்-150 பட்டியலில் இப்படி இரண்டு சக்கரத்தையும் மின்விசையால் ஒன்றாகப் பூட்டும் பின் அச்சு ஒரு தனித் தேர்வாக வரும். கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

மூன்றாவது, ஸ்பிரிங் பட்டை. பிக்கப்பின் பின்பக்கம் பெரும்பாலும் பட்டைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் திடீரென்று முறுக்கும்போது அச்சுக் குழாயே எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். பட்டை நெளியும், பிறகு பட்டென்று நிமிரும், மறுபடி நெளியும். சக்கரம் தவளை மாதிரி துள்ளும். பிடிப்பு போவதோடு நிற்காது, புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடையும் அளவுக்குப் போகும். இதைத் தடுக்க அச்சிலிருந்து முன்னோக்கி ஒரு இரும்புத் தண்டு வைத்துப் பட்டையை நெளியவிடாமல் தாங்குவார்கள். எஞ்சின் வேலைகளோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, பலன் அதிகம். நம் ஊரில் சுமைக்காகக் கூடுதல் பட்டை ஏற்றிய வண்டியில் துள்ளல் இன்னும் மோசம். வெறும் வண்டியாக வல்லம் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் எப்படிக் குதிக்கிறது என்று ஓட்டியவருக்குத் தெரியும்.

இப்போது ஃபோர் வீல். இது 100 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை, அதோடு உராய்விலும் கொஞ்சம் சக்தி போகும். ஆனால் முன் அச்சில் சும்மா கிடக்கிற 58 சதவீதப் பாரமும் இழுவைக்கு வந்துவிடுகிறது. சாதாரண டயரோடு, சாதாரணத் தளத்தில் ஓடப்போகிறீர்கள் என்றால் இதற்கு மிஞ்சிய தேர்வு இல்லை. 1991இல் ஜிஎம்சி நிறுவனம் சைக்ளோன் என்று ஒரு சின்ன பிக்கப்பை விட்டது. 4.3 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வி6, 280 குதிரை, நான்கு சக்கர இழுவை, அதில் 35 சதவீதம் முன்னால், 65 பின்னால். அந்த ஆண்டு செப்டம்பரில் ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை அதை ஃபெராரி 348 காருடன் கால் மைல் ஓடவிட்டது. பிக்கப் 14.1 வினாடி, ஃபெராரி 14.5. கோட்டைக் கடக்கும்போது வேகம் ஃபெராரிக்குத்தான் அதிகம், ஆனால் அதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. கிளம்பிய இடத்திலேயே பிக்கப் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். இதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? அந்த பிக்கப்பில் ஏற்ற அனுமதித்த சுமை 227 கிலோ மட்டும். நம் நெல் கணக்கில் 40 கிலோ சிப்பம் ஐந்து ஏற்றினால் மீதி ஓட்டுநரின் சாப்பாட்டுப் பைக்குத்தான் இடம்.

இதற்கு எதிர்ப்பக்கம் டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10. 8.3 லிட்டர் வி10, 500 குதிரை, பின்சக்கர இழுவை. 2004இல் மணிக்கு 248 கிலோமீட்டருக்கு மேல் போய் உலகின் வேகமான தயாரிப்பு பிக்கப் என்று சாதனை வைத்தது. அது உச்ச வேகத்துக்கான வண்டி. உச்ச வேகமும் புறப்பாடும் வேறு வேறு கலை.

கேபினும் தொட்டியும் எளிய விஷயம்: சின்னதை எடுங்கள். ஒற்றைக் கேபின், குட்டைத் தொட்டி, பின்சக்கர இழுவை எஃப்-150க்கும் நாலு கதவு ஃபோர் வீல் வண்டிக்கும் 250, 300 கிலோ வித்தியாசம் வரும். 45 கிலோ கணக்குப்படி அது அரை வினாடிக்கு மேல். அலங்காரம் இல்லாத அடிமட்ட ரகத்தில் 5.0 லிட்டர் வி8 போட்டு வாங்குவதை அங்கே விவரம் தெரிந்தவர்கள் விரும்புவது இதனால்தான். நல்ல டயரும் பூட்டும் பின் அச்சும் போட மனமிருந்தால் அது சரியான தேர்வு. வாங்கியபடியே ஓட்டப்போகிறவருக்கு ஃபோர் வீல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நாலு கதவு நீள வண்டியைப் பின்சக்கர இழுவையில் வாங்கினால் இரண்டு பக்க நட்டமும் உங்களுக்கே.

எஞ்சினுக்கு வருவோம். 2021 எஃப்-150இல் 5.0 லிட்டர் வி8, 3.5 லிட்டர் டர்போ வி6 இரண்டுக்கும் 400 குதிரைதான். ஆனால் முறுக்கு விசை வி8க்கு சுமார் 556 நியூட்டன் மீட்டர், டர்போவுக்கு சுமார் 678. ஃபோர் வீல் என்றால் டர்போ வி6. அந்த முறுக்கைத் தரையில் இறக்க நாலு சக்கரம் இருக்கிறது. பின்சக்கர இழுவையில் அந்தக் கூடுதல் முறுக்கு முதல் கியரில் புகையாகிவிடும்.

காற்றின் அடர்த்தியும் இதில் சேரும். 40 டிகிரி வெயிலில் காற்று, 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் லேசானது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். டெல்டாவுக்கு ஒரு சாதகம் உண்டு, கடல் மட்டத்தை ஒட்டிய பூமி. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 25 டிகிரி இதமான நாளில் கிடைக்கும் காற்றைவிட, தஞ்சாவூரில் 38 டிகிரியில் கிடைக்கும் காற்று 5, 6 சதவீதம் அடர்த்தி அதிகம். வியர்த்துக் கொட்டினாலும் வண்டிக்கு நம் ஊர்தான் நல்லது.

பின் அச்சு விகிதம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 3.15க்குப் பதில் 3.73 எடுத்தால் ஒவ்வொரு கியரிலும் சக்கர முறுக்கு 18 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். நாலு கியர் காலத்தில் அது பெரிய விஷயம். இப்போது 10 கியர் தானியங்கியில் முதல் கியரே 4.7 விகிதம். அதற்கு மேல் பின் அச்சிலும் பெரிய விகிதம் போட்டால் டயர் சுழல்வதுதான் மிச்சம். நடுவில் ஒன்றை, 3.55 கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு நகரலாம்.

நம் ஊர்ச் சந்தையில் இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? கால் மைல் நேரத்துக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. ஆளோடு சேர்த்து எடையைக் கிலோவில் எடுத்து, குதிரைத் திறனால் வகுத்து, கன மூலம் கண்டு, 7.6ஆல் பெருக்குங்கள். வழுக்காமல் கிளம்பினால் கிடைக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய வந்துவிடும். டெல்டா ரோடெல்லாம் நிறைந்திருக்கும் பொலிரோ பிக்கப் 75 குதிரை, வெறுமையாக ஆளோடு 1,800 கிலோ என்றால் 22 வினாடி. அதிலும் மஞ்சள் பலகை வண்டிக்கு 80 கிலோமீட்டரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே, கோடு வருவதற்கு முன்பே அது பிடித்துவிடும். வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல், 163 குதிரை: 17 வினாடி சொச்சம். 2022இல் வந்த ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரை: 17க்குக் கொஞ்சம் உள்ளே.

லேசான ஒற்றைக் கேபினும் பெரிய எஞ்சினும் சேர்ந்து இங்கே கிடைப்பதில்லை. ஒற்றைக் கேபின் என்றாலே சுமை வண்டி, சின்ன எஞ்சின். ஆகவே தேர்வு தானாகவே ஹைலக்ஸில் வந்து நிற்கும். அதிலும் தானியங்கி. கையால் கியர் போடும் ரகத்துக்கு 420 நியூட்டன் மீட்டர், தானியங்கிக்கு 500. தவிர, டர்போ டீசலைக் கோட்டில் தயாராக வைக்க தானியங்கிதான் வசதி. இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் லேசாக மிதித்தால் டர்போ எழுந்துவிடும், பிரேக்கை விட்டதும் வண்டி பாயும். கிளட்ச் வண்டியில் இதைச் செய்தால் பிளேட் வாசனை மன்னார்குடி வரை அடிக்கும். ஒரு எச்சரிக்கை: வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டின் ஃபோர் வீலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லாத வகை. காய்ந்த தாரில் நேராக ஓடும் சில வினாடிக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வளைவுக்கு முன்பே எடுத்துவிடாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

எங்கே ஓட்டுவது? திருச்சி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையோ கும்பகோணம் புறவழியோ இல்லை. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விடிகாலை நாலு மணிக்குச் சாலை காலியாக இருக்கும் என்று நினைப்பவர்கள், அதே நேரத்தில் விளக்கில்லாத டிராக்டர் டிப்பரும் சைக்கிளில் பால்காரரும் வருவார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பந்தயம் என்றால் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம் ஒரு காலத்தில் பேர் பெற்றது. பிறகு 1990இலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தேசிய டிராக் போட்டி நடத்துவது பைக்குகளுக்கு. பிக்கப்புக்கு வாய்ப்பு வருமா என்று அமைப்பாளர்களைக் கேட்டுத்தான் போக வேண்டும். இன்னொன்று, உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஒழுங்காக நடத்தப்படும் பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். முறையான மைதானத்தில் இடித்தாலும் செலவு உங்களுடையது.

ஓட்டும் நாளில் தொட்டிக் கதவை மூடியே வையுங்கள். திறந்துவிட்டால் காற்று சுலபமாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். மூடியிருந்தால்தான் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக நின்று, மேலே வருகிற காற்றை வழுக்கி அனுப்புகிறது. டீசல் கால் டேங்க் போதும். ஸ்டெப்னியை மட்டும் யோசித்துக் கழற்றுங்கள். அது பின் அச்சுக்கும் பின்னால், சுமார் ஒரு மீட்டர் தள்ளித் தொங்குகிறது. நெம்புகோல் கணக்கில் 30 கிலோ ஸ்டெப்னி பின் அச்சில் 40 கிலோவாக உட்காரும், முன்னாலிருந்து 10 கிலோவைத் தூக்கும். பின்சக்கர இழுவை வண்டி டயர் சுழன்று தவிக்கிறது என்றால் அது அங்கேயே இருக்கட்டும். ஃபோர் வீல் வண்டிக்கு அது வெறும் சுமை, கழற்றிக் கூட வந்தவர் வண்டியில் போட்டுவிடலாம்.